ராட்சதப் பூசணி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் சங்கம் ஆற்றிய பணிகளையும், இந்தப் பருவத்தில் நம் தோட்டங்களில் நடந்தவற்றையும் இவ்வறிக்கையில் தொகுத்து வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நான் கொடியையும் காயையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தப் பருவத்தில் நட்டவர்கள் 14 பேர். காயைப் பழுதில்லாமல் எடைமேடைக்குக் கொண்டுவந்தவர்கள் 5 பேர். போன 9 காய்களில் 5 வெடித்துப் போயின. 2 காம்போடு கிழிந்தன. ஒன்று அடிப்புறம் அழுகியது. ஒன்றைக் கொடி வாடல் கொண்டுபோனது. எரு போதாமலோ இடம் போதாமலோ எந்தக் காயும் கெடவில்லை என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். ஊட்டுவதில் நாம் தேர்ந்துவிட்டோம். ஒரே சீராக ஊட்டுவதில் இன்னும் தேறவில்லை என்பது என் கணிப்பு.

விதைப் பங்கீடு வழக்கம்போல் நடந்தது. நாம் விதைப்பவை எல்லாமே கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த விவசாயி ஹோவர்ட் டில் பல ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ வழிவந்தவை. அதே நாட்டைச் சேர்ந்த வில்லியம் வார்நாக் 1904-இல் காட்சிக்கு வைத்த 403 பவுண்டு (ஏறத்தாழ 183 கிலோ) காயை மிஞ்ச 1976 வரை எவராலும் முடியவில்லை. அதன்பின் 1996-இல் 1,000 பவுண்டும் 2012-இல் 2,000 பவுண்டும் தாண்டப்பட்டன. 2014-இல் சுவிட்சர்லாந்தின் பெனி மெயர் 1,054 கிலோ காயை மேடையேற்றி ஒரு டன் எல்லையைக் கடந்தார். 2023-இல் அமெரிக்காவின் டிராவிஸ் கீஞ்சர் அதை ஏறத்தாழ 1,247 கிலோவாக உயர்த்தினார். 2025-இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் 1,278 கிலோவைத் தாண்டினார்கள். ஒரு டன்னுக்கு மேற்பட்ட அந்த எடை, மகரந்தம் சேர்த்த நாளிலிருந்து ஏறக்குறைய 100 நாட்களுக்குள் சேர்வது. நல்ல கொடியில் உச்ச வளர்ச்சி நாட்களில் காய் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். அந்த வேகத்தில் பெருக்கும் காயின் தோலுக்கு, நாம் ஒருநாள் காட்டும் அசட்டையும் மறுநாள் காட்டும் அவசரமும் தாங்காது.

விதை உறையின் மேல் தாய்க்காயின் எடை, வளர்த்தவரின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுத வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள முறை. மகரந்தம் தந்த கொடியையும் குறித்தால் இன்னும் நல்லது. இம்முறை சில உறைகள் பெயரில்லாமல் திரும்பி வந்தன. அவற்றைப் பங்கீட்டில் சேர்க்க மனமில்லாமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முளைப்பு குறித்துப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. கூர்முனையை விட்டு ஓரங்களை லேசாக உரசி, 30 டிகிரி வெப்பத்தில் வைத்த விதைகள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டின. புதிய உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன்: வித்திலைகளுக்குப் பின் வரும் முதல் இலை எந்தப் பக்கம் விரிகிறதோ, தாய்க்கொடி பொதுவாக அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடும். அதைப் பார்த்து நாற்றைத் திருப்பி நட்டுவிட்டால், பின்னால் கொடியை வளைத்துப் போராட வேண்டியிருக்காது.

மகரந்தச் சேர்க்கைப் பயிற்சிக்கு இந்த ஆண்டுதான் அதிகம் பேர் வந்தார்கள். மறுநாள் விரியப்போகும் பெண்பூவின் இதழ் நுனியை முந்தின மாலையே மென்மையான நூலால் கட்டிவைத்து, விடியும் வேளையில் அவிழ்த்து, புதிதாகப் பறித்த ஆண்பூக்களின் இதழ்களைக் களைந்து மகரந்தத்தைச் சூல்முடியின் எல்லா மடல்களிலும் தடவி, வண்டும் தேனீயும் புகாதபடி மறுபடி கட்டிவிடுவதே முறை. ஒரு மடலில் மகரந்தம் படாமல் போனாலும் காய் ஒருபக்கமாகக் கோணக்கூடும். தாய்க்கொடியில் அடியிலிருந்து 3 மீட்டருக்கு மேல் தள்ளி வரும் பூவையே தேர்ந்தெடுங்கள் என்று வற்புறுத்தினோம். காய் வேகம் எடுப்பதற்குள் அதற்கு ஊட்டப் போதிய இலைப்பரப்பு பின்னால் சேர்ந்திருக்க வேண்டும். வெயில் கடுமையான வாரத்தில் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. பூ திறந்த மூன்று நான்கு நாட்களுக்கு மேலே நிழல்வலை கட்டியவர்களின் பிஞ்சுகள் நின்றன.

காம்பு கிழிந்த இரண்டு காய்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் காய், கொடியோடு ஒட்டினாற்போல் குறுங்கோணத்தில் நின்றிருந்தது. பிஞ்சு கையளவாக இருக்கும்போது இது கண்ணில் படாது. காய் பெருத்துத் தோள் உயரும்போது அது கொடியை மேல்நோக்கித் தள்ளுகிறது. கொடியோ இரு பக்கமும் கணுவேர்களால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் அகப்பட்ட காம்புதான் கிழிகிறது. காய் பந்தளவாகும்போதே, கொடி துவண்டிருக்கும் பிற்பகலில் நாளுக்கு இரண்டு மூன்று விரற்கடை மட்டும் நகர்த்தி, காம்பு கொடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி செய்ய வேண்டும். காலையில் கொடி விறைத்திருக்கும்போது தொட்டால் ஒடிந்துவிடும். காய்க்கு இருபுறமும் உள்ள ஓரிரு கணுக்களின் வேரை அறுத்து, கொடி தாராளமாக எழும்பவும் விட வேண்டும். மற்றக் கணுக்களை மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதும், பக்கக்கொடிகளை மரக்கிளைபோல் இருபுறமும் ஓடவிட்டு அவற்றில் கிளைக்கும் சிறு கொடிகளைக் கிள்ளுவதும் உறுப்பினர்களுக்குப் பழகிய வேலைகள்.

அடிப்புறம் அழுகிய காய் வெறும் மண்ணில் கிடந்தது. மணல் படுக்கையும் அதன்மேல் நீர் வடியும் துணியும் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

வெடித்த 5 காய்களில் ஒன்று என்னுடையது. மகரந்தம் சேர்த்த 38-ஆம் நாள் காலை நிழல்துணியை நீக்கியபோது, பூ உதிர்ந்த முனையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. ஓரத்தில் சாறு மணிமணியாகக் கோத்திருந்தது. கீறலுக்கு நேராகக் கையை வைத்தேன். உள்ளிருந்து குளிர்ந்த காற்று உள்ளங்கையில் பட்டது. விதைக்குழிவரை பிளந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அன்று முழுவதும் அந்தக் காயருகே போக எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் என் அளவுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பல நாட்களாகச் சுற்றளவு நாளுக்கு 8 செ.மீ. ஏறிவந்திருந்தது, வெளியூர் வேலையில் நான் பாசனத்தைக் குறைத்த இரண்டு நாட்களில் 3 செ.மீ. ஆகக் குறைந்திருந்தது, அந்தக் குறையை ஈடுகட்ட இரவெல்லாம் நீர் விட்டதும், அதோடு மழையும் சேர்ந்துகொண்டதும், ஒரே நாளில் 12 செ.மீ. ஏறியிருந்தது. எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியதைப் படிக்கத் தவறிவிட்டேன். வெடித்த மற்ற நான்கு தோட்டங்களிலும் விசாரித்ததில், மூன்றில் இதே கதைதான். ஒருவர் மட்டும் அளவே எடுத்திருக்கவில்லை.

முழு வளர்ச்சி பெற்ற கொடி நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் நீரை எடுத்துக்கொள்ளும். அதை ஒரே மூச்சில் கொட்டாமல் பல வேளைகளாகப் பிரித்து விடுவதும், மழை வந்தால் உடனே குறைப்பதும், தோல் சீக்கிரம் முற்றிக் கெட்டிப்படாதபடி காயின்மேல் எப்போதும் நிழல் இருக்கச் செய்வதும் வெடிப்பைத் தவிர்க்க நாம் செய்யக்கூடியவை. மேடைக்கு வந்த 5 காய்களையும் வளர்த்தவர்கள் சொட்டுநீர்க் குழாயை நேரம் வைத்துத் திறந்தவர்கள் என்பதைச் செயற்குழு பதிவு செய்திருக்கிறது. அவர்களில் இருவர் புதியவர்கள். அவர்களுக்குச் சங்கத்தின் பாராட்டைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.

அளவெடுக்கும் பயிற்சி இருமுறை நடந்தது. தரைக்கு இணையாகச் சுற்றளவு, பக்கவாட்டில் தரையிலிருந்து தரைக்கு மேல்வழியாக ஓர் அளவு, காம்புப் பக்கத் தரையிலிருந்து மேல்வழியாகப் பூமுனைப் பக்கத் தரைவரை நீளவாக்கில் ஓர் அளவு என்று மூன்றையும் கூட்டி, அட்டவணையில் பார்த்து எடையை மதிப்பிடுகிறோம். சதைக் கனத்தைப் பொறுத்து மேடையில் எடை அட்டவணைக்குக் கூடவோ குறையவோ செய்யும். நம் 5 காய்களில் 3 கூடின. எத்தனை எடையிருந்தாலும், விதைக்குழிவரை போன கீறலோ அழுகலோ இருந்தால் காய் போட்டிக்கு ஏற்கப்படாது.

தூக்கும் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன. முக்காலி, சங்கிலிக் கப்பி, வளையம் மூன்றும் சரிபார்க்கப்பட்டன. காயைத் தாங்க வளையத்தில் தொங்கும் எட்டுப் பட்டைகளில் ஒன்றின் தையல் கொக்கியருகே இழை பிரிந்திருந்ததைக் கண்டு அதை நீக்கிவிட்டோம். புதியது வரும்வரை பெரிய காய்களுக்கு வளையத்தைத் தருவதற்கில்லை. காய் தொங்கும்போது அதன் அடியில் எவரும் கையை நுழைக்கக் கூடாது என்பதை மீண்டும் கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் பருவத்துக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. சங்கத்திடம் விதை பெறும் ஒவ்வொருவரும் மகரந்தம் சேர்த்த பத்தாம் நாளிலிருந்து சுற்றளவையும் விட்ட நீரையும் நாள்தோறும் எழுத வேண்டும் என்பது முதலாவது. உறுப்பினர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, வாரம் இருமுறை ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் படிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதைக் கண்காணிப்பாக எவரும் எண்ண வேண்டாம். என் குறிப்பேட்டை இன்னொருவர் அந்த இரண்டாம் நாள் மாலை பார்த்திருந்தால், அன்றிரவு குழாயைத் திறக்க விட்டிருக்க மாட்டார். யாரோடு யார் சேர்வது என்பதை இக்கூட்டம் முடிந்ததும் முடிவு செய்துகொள்ளலாம். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

மண்பரிசோதனைக்கான மாதிரிகளை அறுவடைக்குப் பின் நடவுக் குழியை மூடும் முன்பே எடுத்துத் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்று இரு தீர்மானங்களையும் நிறைவேற்றித் தருமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்