பூக்காரி திரும்பி வரத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கொடைக்கானல் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா இசை நாடகம் பற்றிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் மாணவன் முன்னால் ஒரு மாணவி மண்டியிட்டுச் செருப்பை நீட்டுகிறாள். கீழே ‘அசத்திய மாணவர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பெண்ணின் கரும்பச்சை கோட்டும் பாவாடையும் நான் தைத்தவை. செருப்புக்கு வெல்வெட் ஒட்டியதும் நான்தான். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கும் பாத்தியதை உண்டு.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட விழா நெருங்கினால் நாடக உடுப்பு நிறைய வரும். பையன்களுக்குக் கோட்டும் கால்சட்டையும் அளவெடுத்துத் தைத்தால் வேலை முடிந்தது. பெண் பிள்ளைகள் உடுப்புக்கு மட்டும் யார் வந்தாலும், “இடுப்பை இன்னும் கொஞ்சம் பிடிங்கக்கா” என்பார்கள். அந்த இடுப்புக்குள்தான் காலர் மைக்கின் பேட்டரி டப்பாவையும் மறைத்து வைக்க வேண்டும். பாதி நாடகத்தைப் பாடித் தீர்க்க வேண்டியவள் அவள். மூச்சு எங்கேயிருந்து இழுப்பாள்?

இந்த வருஷம் போட்டது ‘மை ஃபேர் லேடி’. லண்டன் தெருவில் பூ விற்கும் எலிசாவுக்கு ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் சீமாட்டி மாதிரிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார், அதுவும் பந்தயம் கட்டி. ஜெயித்ததும் புகழெல்லாம் அவருக்கு. எலிசா கோபித்துக்கொண்டு போய்விட்டு, கடைசியில் திரும்பி வருகிறாள். “என் செருப்பு எங்கே?” என்கிறார் பேராசிரியர்.

ஒத்திகை அன்று ஊசி நூலோடு மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். “நான் ஏன் சார் எடுத்துக் குடுக்கணும்? அதான் அவ்வளவு சண்டை போட்டாச்சே” என்று அந்தப் பெண் கேட்டாள். சொல்லிக்கொடுத்த ஆசிரியர், “நாடகம் அப்படித்தாம்மா” என்றார். அவள் மண்டியிட்ட வேகத்தில் பாவாடையின் பக்கத் தையல் விட்டுப்போனது. பிரித்து, உள்ளே பட்டி கொடுத்துத் தைத்துத் தந்தேன்.

அன்று ராத்திரி போனில் இதை என் மகளிடம் சொன்னேன். இங்கே அட்டுவம்பட்டிப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள், இப்போது திண்டுக்கல்லில் டீச்சர். “நாடகம் அப்படி இல்லைம்மா” என்றாள். இதற்கு மூலம் பெர்னார்ட் ஷா எழுதிய ‘பிக்மேலியன்’ நாடகமாம், 1913-ல் மேடையேறியது. எலிசாவையும் பேராசிரியரையும் ஜோடி சேர்ப்பது ஷாவுக்கே பிடிக்காது, அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்று பின்னால் தனியாக எழுதியே வைத்துவிட்டார். 1938-ல் படமாக எடுத்தபோதுதான் அவளைத் திரும்பி வரவைத்தார்கள், 1956-ல் நியூயார்க்கில் பாட்டோடு போட்டபோதும் அந்த முடிவையே வைத்துக்கொண்டார்கள். அதிலும் செருப்பு எங்கே என்று கேட்பதோடு திரை விழுந்துவிடும். மண்டியிடுவதெல்லாம் நம் ஊர்க் கைச்சரக்கு. 2018-ல் அதே நியூயார்க்கில் மறுபடி போட்டபோது எலிசா திரும்பி வருகிறாள், அவரைப் பார்க்கிறாள், மேடையை விட்டு இறங்கி ஜனங்கள் நடுவே நடந்து வெளியே போய்விடுகிறாள். பாட்டு, கதை எல்லாம் பழையபடியேதான்.

அதே 2018-ல் அங்கே ‘கரோசல்’ என்ற 1945-ஆம் வருஷத்து இசை நாடகத்தையும் போட்டார்களாம். ஒருவர் ஓங்கி அடித்தாலும் வலிக்காமல் இருக்க முடியும் என்று அம்மா மகளிடம் சொல்லும் வசனம் அதில் உண்டு. அதை வெட்டிவிட்டார்கள். (இங்கே அந்த வருஷம்தான் குறிஞ்சி பூத்தது. கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன், அதனால் வருஷம் நினைவிருக்கிறது.)

இதையெல்லாம் கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் சொன்னால், “வெள்ளைக்காரன் நாடகம் எதுக்கு? நம்ம வள்ளி திருமணம் போடச் சொல்லு” என்கிறார். போடட்டும், எனக்கும் ஆசைதான். வள்ளி மலைக்காரி. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் பழனி தெரியும் ஊர் எங்களுடையது. ஆனால் அந்த நாடகத்தையும் நான் விடிய விடியப் பார்த்தவள். போன பங்குனியில் வத்தலகுண்டுப் பக்கம், என் வீட்டுக்காரர் ஊர்த் திருவிழாவுக்கு மதுரை நாடக செட் வந்திருந்தது. வள்ளியாக வந்த ஸ்திரீபார்ட் அம்மா, அதாவது பெண் வேடம் கட்டுகிறவர், நாரதரோடு செய்த தர்க்கம் இருக்கிறதே! ஏற்கெனவே ஒருத்தி இருக்கும் வீட்டுக்கு என்னை எதற்குக் கூப்பிடுகிறீர் என்று கேட்டுக் கேட்டு, நாரதர் தண்ணீர் குடிக்க ஆர்மோனியப் பெட்டிப் பக்கம் ஒதுங்கும்வரை விடவில்லை. எழுதி வைத்த வசனமே இல்லை, அந்தந்த நிமிஷத்தில் வாயில் வருவது. எலிசாவெல்லாம் கிட்டே நிற்க முடியாது.

நடுவில் பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் புருஷன் பெண்டாட்டியாக வந்து அடித்துக்கொண்டார்கள். அறை விழும்போதெல்லாம் மிருதங்கத்தில் ஓர் அடி. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் கையைத் தட்டிச் சிரித்தன. அதை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை.

விடியும் நேரத்தில் கறுப்புத் துணி போர்த்திய இரண்டு பேர் யானையாக வந்தார்கள். அவ்வளவு நேரம் பேசிய வள்ளி, பயந்து கிழவரைக் கட்டிக்கொண்டாள். நாடகம் முடிந்து அந்த ஸ்திரீபார்ட் அம்மாவின் ஜாக்கெட்டில் ஊக்கு தைத்துக் கொடுக்கும்போது, “என்னம்மா, யானை வந்ததும் அடங்கிட்டீங்க?” என்றேன். “யானை வராட்டி விடிஞ்சாலும் கல்யாணம் நடக்காதுக்கா” என்று சிரித்தார். அதே ஊரில் டீக்கடை வாசலில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை. கே.பி. சுந்தரம்பாள் ஸ்திரீபார்ட்டும் போட்டு, 1935-லேயே படத்தில் ஆண் வேடம் கட்டி நந்தனாராகவும் வந்து, பிறகு மேலவை உறுப்பினரும் ஆனவர். அவர் வந்த வழியில் வருகிறவர்களுக்குத்தான் இந்த மரியாதை.

அதனால் உள்ளூர் நாடகமா வெளிநாட்டு நாடகமா என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. கடைசியாக நடந்து போவது யார், குனிவது யார் என்பதை நாடகம் போடுகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். செய்துவிட்டு, “நாடகம் அப்படித்தான்” என்று பழியைப் புத்தகத்தின் மேல் போடக் கூடாது. நீங்களும் அடுத்த முறை படத்துக்குக் கீழே அந்தப் பிள்ளை எத்தனை பாட்டுப் பாடினாள் என்றாவது போடுங்கள். ஏழு என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்று முடிந்ததும் கோட்டு ஊக்கைத் தளர்த்திவிட்டவள் நான்.

பெற்றோர்களுக்காக அடுத்த மாதம் மறுபடியும் போடுகிறார்களாம். உடுப்பெல்லாம் திரும்பக் கடைக்கு வந்திருக்கிறது. முடிவு எப்படி என்று பள்ளிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் நல்லது. எலிசா மேடையிலிருந்து இறங்கி நடந்து போவதாக இருந்தால் பாவாடையில் இரண்டு இன்ச் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்கட்டில் தடுக்கும்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.
(பெயர் போட வேண்டாம். தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.)