சின்னவள் ரத்தத்தில் இருப்பது

அன்பு மகள் செல்விக்கு,

ரங்கூனில் மழை விடவில்லை, கரண்ட் இப்போதுதான் வந்தது. கோவிலில் உன் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் அர்ச்சனை செய்தாயிற்று. பன்னிரண்டு நாளாக நீ பேசவில்லை, மாப்பிள்ளைதான் பேசுகிறார். சரி, பச்சை உடம்பு, தூங்கட்டும் என்று இருந்தேன். ஆனால் சின்னவள் வயிற்றில் இருந்தபோது பெரியவன் தட்டில் மிச்சம் வைத்ததை நீ சாப்பிட்டதால்தான் அவளுக்கு இந்த சிஎம்வி வைரஸ் வந்ததா என்று ராத்திரியெல்லாம் கேட்கிறாயாமே. சோற்றை வீணாக்காதே, பிள்ளை எச்சில்தானே என்று போனில் சொன்னது நான். அந்த வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் இருக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? அமெரிக்காவிலேயே ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்று இதோடுதான் பிறக்கிறதாம்.

மருந்தை ஆறு மாதமும் விடாமல் கொடு. அந்த வால்கான்சிக்ளோவிர் நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுவைக் குறைத்துவிடுமாம், அதற்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பிஞ்சுக் கையில் குத்துகிறார்களே என்று நாளைத் தள்ளிப் போடாதே.

இந்த வைரஸைப் பற்றித் தெரிந்த பெரியம்மா மகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டேன். பிறந்த குழந்தையின் டி செல்கள், அதாவது நோயோடு சண்டை போடுகிற ஒரு வகை வெள்ளை அணுக்கள், பெரும்பாலும் எதையும் பார்த்திராத புதுச் செல்களாம். வயிற்றிலேயே இந்த வைரஸைக் கண்ட பிள்ளைக்கு அப்படி இல்லை. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்கிற சிடி8 செல்களும், காமா டெல்டா என்ற இன்னொரு வகையும் உள்ளேயே பெருகி, பெரியவர்களுக்கு இருப்பதுபோல் முதிர்ந்து நிற்குமாம். என்.கே. என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்களிலும் ஒரு கூட்டம் இதற்கென்றே கூடுமாம். வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, ஒளிந்துகொண்டிருக்கும், இந்தச் செல்கள் அதை ஆயுசுக்கும் காவல் காக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதத்தில் கரைந்துவிடும், இந்தச் செல்கள் அவளே உண்டாக்கியவை. மூன்று கிலோகூட இல்லாத பிள்ளை! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்காகக் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடாதே. நன்றாகக் கேட்கிற காதும் சில வருடம் கழித்து மங்கலாம். இடது காது போனது போகட்டும், வலது காதைச் சோதித்துக்கொண்டே இரு, பள்ளிக்கூடம் போன பிறகும்.

தம்பிக்கு நாலு வயதில் நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்று அகப்பைக் காம்பால் அடித்தேன், நீ வாசற்படியில் நின்று பார்த்தாய், அதை நாம் ஒருநாளும் பேசியதில்லை. ஒருநாள் சோற்றுப் பானை மூடி அவன் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. அவன் முகம் நிறையத் தனக்கா மரப்பட்டைச் சாந்தோடு கல் அடுக்கிக்கொண்டே இருந்தான், மூடி உருண்டு வந்து காலில் பட்ட பிறகுதான் பார்த்தான். அதற்கு அப்புறமும் ஒரு வருடம் நான் அவனை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன், செல்வி. அவனுக்கும் இதே வைரஸா என்று இனிச் சொல்ல முடியாது, பிறந்து 21 நாளுக்குள் பார்த்திருக்க வேண்டுமாம். நீ பார்த்துவிட்டாய்.

ரத்தம் எடுக்கிற நாளைத் தவறவிடாதே. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கரண்ட் இருக்கும், வீடியோவில் கூப்பிடு. என்னோடு பேசாவிட்டாலும் சரி. பிள்ளையைக் காட்டு என்று தம்பி கையைக் காட்டிக் காட்டிக் கேட்கிறான்.

அம்மா