ஐஸ் மேல மீன் பிடிக்க ஆள் கூட்டிட்டு போற குரூப் அட்மின்களுக்கு ஒரு மடல்

அண்ணன்களே அக்காக்களே, வணக்கம்.

ஏரி உறைஞ்ச உடனே "ஐஸ் ரெடி, வாங்க"ன்னு மெசேஜ் போட்டுடுறீங்க. கூப்பிடுங்க, தப்பில்ல. புதுசா வர்றவங்களுக்கு என்ன தூண்டில், என்ன பூட்ஸ்னு எல்லாம் சொல்றீங்க, ஆனா ஐஸ் எவ்ளோ தடிமன், யார் அளந்தாங்க, எந்த இடத்துல அளந்தாங்கன்னு ஒரு வரி கூட இருக்கறதில்ல. கேட்டா "நேத்து நாலு பேர் போய்ட்டு வந்தாங்களே"ங்கிறீங்க. அவங்க போனது எந்தப் பக்கம்னு யாருக்காவது தெரியுமா?

நடந்து போகவே தெளிவான புது ஐஸ் குறைஞ்சது 4 இன்ச், அதாவது 10 சென்டிமீட்டர் வேணும். வெள்ளையா இருக்குற ஐஸ்னா அதுல பாதி பலம்தான்னு வச்சிக்கிட்டு ரெண்டு மடங்கு தடிமன் பாக்கணும். கரையோரமா ஒரே ஒரு ஓட்டை போட்டு பாத்துட்டு மொத்த ஏரியும் அப்படித்தான்னு நினைக்கிறதுதான் பெரிய வம்பு, ஏன்னா ஓடை வந்து சேர்ற இடம், அடியில ஊத்து இருக்குற இடம், பாலத்துக்கு கீழ, இங்கெல்லாம் தண்ணி ஓடிட்டே இருக்கறதால ஐஸ் மெல்லிசா இருக்கும், மேல பனி வேற மூடியிருந்தா கண்ணுக்கே தெரியாது, அந்தப் பனியே போர்வை மாதிரி குளிர உள்ள விடாம ஐஸ் தடிக்கிறதையும் தடுக்கும். அதனால முன்னாடி போறவர் கம்பியால குத்திக்கிட்டே போகணும், போகப்போக ஓட்டை போட்டு அளக்கணும். வசந்த காலத்துல தடிமனா இருந்தாலும் உள்ள உளுத்துப் போயிருக்கும், அப்ப இன்ச் கணக்கையும் நம்பாதீங்க.

ஐஸ் பிக் (ஐஸ்ல குத்திப் பிடிச்சு ஏற கைப்பிடி வச்ச கூர் முனை ஆணி) கழுத்துல தொங்கணும், பையில இருந்தா எடுக்கவே முடியாது. உள்ள விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு கன்னாபின்னான்னு வாங்கும், அத அடக்குறதுதான் முதல் வேலை. அப்புறம் கை கால் சொன்ன பேச்சு கேக்குறது சுமார் 10 நிமிஷம். வந்த பக்கமே திரும்பி (அந்த ஐஸ்தான் உங்க வெயிட்ட தாங்குச்சு), பிக்க குத்தி, கால உதைச்சு படுத்தவாக்குல ஏறி, எந்திரிக்காம உருண்டு வரணும். பக்கத்துல இருக்குறவர் ஓடிப்போய் கைய நீட்டக்கூடாது, தள்ளி நின்னு கயிறு வீசணும். இதெல்லாம் கரையிலேயே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் போட்டு விடுங்க, தடியா இருக்குன்னு சிணுங்குவாங்க, பரவால்ல.

டென்ட்டுக்குள்ள ஹீட்டர் போட்டா காத்துப் போக வழி விடுங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

அடுத்த டிரிப் மெசேஜ்ல அளந்த இன்ச்சும் இடமும் போடுங்க. போடாத டிரிப்புக்கு நான் வரல, புதுசா கேக்குறவங்களையும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
குரூப்ல ஒருத்தன்