சித்தூர்ல தமிழும்தான் பேசறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் பத்தி ஞாயித்துக்கிழமை வந்த கட்டுரை படிச்சேன், சோகநாசினி ஆத்தங்கரை, மலையாளக் கவி எழுத்தச்சனோட குருமடம் எல்லாம் அழகா எழுதியிருந்தீங்க, ஆனா தலைமுறை தலைமுறையா அங்கயே இருக்கற தமிழ் ஜனங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லைன்னதும் மனசு கேக்கல. பழைய கொச்சி ராஜ்யத்து ஊரு, 1956-ல கேரளாவுக்குள்ள வந்துச்சு, எல்லை மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறல. எங்க பாட்டி கடைக்காரர்கிட்ட மலையாளத்துல விலை கேட்டுட்டு, அதே மூச்சுல எங்கிட்ட "பையை விரிச்சுப் பிடி கண்ணு"ன்னு தமிழ்ல சொல்லுவாங்க.

போன மாசம் அங்க ஒரு ஆபீஸ்ல ஒரு பெரியவர் மலையாள ஃபாரத்தை கையில வச்சுகிட்டு, யாராவது படிச்சுச் சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டு நின்னார். ஃபாரம், பஸ் போர்டு எல்லாத்துலயும் தமிழையும் சேர்க்கணும், நீங்களும் அடுத்த கட்டுரைல அந்த ஊர்ப் பெரியவங்களைப் பேச வைங்க.