இரண்டு புளியங்கொட்டை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீலகிரி கூடலூருக்கு மாற்றலாகிப் போன கையோடு உன் வார்டில் இருக்கும் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயுள்ள பையனைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். என் நர்சிங் வகுப்பில் மரபணுக் கோளாறு பாடத்தை இந்த முறை அவனை வைத்தே தொடங்கினேன்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியதற்கு வேலின் வந்து உட்காருகிறது. ஆக்சிஜனை இறக்கியதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீள்கின்றன. நெகிழ்ந்து வளைந்து போக வேண்டிய செல், கதிர் அரிவாளாக விறைத்து நுண்குழாயை அடைக்கிறது. 120 நாள் வாழ வேண்டியது 10, 20 நாளில் உடைந்துபோகிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இதை 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அது ஆப்பிரிக்காவின் நோய் என்றே நினைத்திருந்தார்கள்.

அப்புறம், அந்தப் பையனின் அம்மா, "நாலுல ஒண்ணுன்னாங்க, ஒண்ணு வந்துடுச்சு, இனி மூணுக்குப் பயமில்லைதானே?" என்று கேட்டதாக எழுதியிருந்தாயே, என் வகுப்பிலும் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள். தாயம் விளையாட உரசுவோமே, அதுபோல இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக உரசினேன். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. வெள்ளைதான் மாறிய மரபணு. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் பிள்ளைக்கு நோய். ஒன்று மட்டும் என்றால் பெற்றோரைப் போல கேரியர், அதாவது நோயில்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர். ஒரு மாணவி உருட்டினாள், இரண்டும் வெள்ளை. மறுபடி உருட்டினாள், மறுபடியும் இரண்டும் வெள்ளை. "போன ஆட்டம் கொட்டைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அந்த அம்மாவுக்கும் உருட்டிக் காட்டு. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவை. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய் என்று அவரும் கேட்கட்டும். பழியெல்லாம் அவள் தலையில் விழக்கூடாது.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால் வலி என்று இரவெல்லாம் அலறிய பெண்ணை நினைவிருக்கிறதா? வீக்கமில்லை, காயமில்லை, "நடிக்கிறாள்" என்றார்கள், நாமும் நம்பினோம். ஊசி போட விடிந்துவிட்டது. எலும்புக்குள் ரத்தம் போகாமல் துடித்தவள் அவள். இப்போது இந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அவள் முகம் வருகிறது. வலியின் அளவை நோயாளி சொன்னபடியே சார்ட்டில் எழுதுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பையன் ஹைட்ராக்சியூரியா மருந்து எடுக்கிறானா? பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கும் வகை ஹீமோகுளோபினை அது கூட்டுகிறது. பிறந்த சில மாதம்வரை அவனிடம் நோய் வெளியே தெரியாமல் இருந்ததும் அந்த ஹீமோகுளோபினால்தான். உங்கள் ஊர்க் குளிர் அவனுக்கு ஆகாது, போர்த்தி வை. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். மண்ணீரல் கெட்டுப்போன உடம்பாக இருக்கும், லேசான காய்ச்சல் என்றாலும் உடனே கூட்டி வரச் சொல்.

உரசிய கொட்டை இரண்டையும் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அந்த அம்மா என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
செல்வி