மெராமெக் ஊற்றில் மீன் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் ட்ரவுட் பூங்காக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பண்ணையில் வளர்த்த மீனை ஆற்றில் விட்டு, மறுநாள் அதையே பிடிப்பதற்கு இவ்வளவு தூரம் போவானேன், கடையிலேயே வாங்கிவிடலாமே என்று கேட்டு, எல்லாமே ‘செயற்கை’ என்று ஒதுக்கியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் பாதி சரிதான். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் மீன் விடுகிறார்கள். அங்கே விடுகிற வானவில் ட்ரவுட் அந்த மண்ணின் மீனும் அல்ல. பசிபிக் கரையோர ஆறுகளின் மீன் அது. 1880-களில்தான் மிசௌரிக்கு வந்தது. சீசன் தொடங்கும் மார்ச் 1 அன்று போனால் இன்னும் மோசம். தோளோடு தோள் இடிக்க நின்று தூண்டில் போடுவார்கள்.

ஆனால் செயின்ட் ஜேம்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மெராமெக் ஊற்றுப் பூங்காவுக்குப் போனால், கரையில் நிற்கிறவர்களைத் தாண்டிக் கொஞ்சம் மேலே நடக்க வேண்டும். பாறையடியில் ஒரு பச்சைக் குளம். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 10 கோடி காலன் தண்ணீர், நம் கணக்கில் ஏறக்குறைய 38 கோடி லிட்டர், அங்கிருந்துதான் புறப்பட்டு மெராமெக் ஆற்றில் போய்ச் சேர்கிறது. ஓசார்க் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடிக் குகைவழிகளில் ஓடி, இங்கே மேலே வருகிறது. கோடையோ பனியோ, தண்ணீரின் வெப்பம் 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இந்தக் குளிர்ச்சி இல்லாவிட்டால் மிசௌரி வெயிலில் ட்ரவுட் தாங்காது. ஊற்றில்லாமல் பண்ணை ஏது, தூண்டில் ஏது?

அப்புறம், இந்தத் தண்ணீருக்கு மீன் வளர்ப்பது இரண்டாவது வேலைதான். முதல் வேலை இரும்பு. தாமஸ் ஜேம்ஸ், சாமுவேல் மாசி என்ற இருவர் 1826-இல் இங்கே ஆலை தொடங்கினார்கள். தாது பக்கத்திலேயே வெட்டக் கிடைத்தது. கரி சுடச் சுற்றிலும் காடு. உலைக்குக் காற்று ஊதவும், இரும்பை அடிக்கும் பெரிய சம்மட்டிகளைத் தூக்கவும் வற்றாத ஊற்று. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நிலைத்து நடந்த முதல் இரும்பாலை என்று இதைச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுபோல ஓடி, 1870-களின் பொருளாதார நெருக்கடியில் நொடித்து மூடிவிட்டது. கல்லால் கட்டிய உலை இன்னும் நிற்கிறது. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் பருமன் தெரியும்.

ஜேம்ஸ் குடும்ப வாரிசான லூசி வொர்தம் ஜேம்ஸின் உயில்படி அமைந்த அறக்கட்டளைதான் பூங்காவை நடத்துகிறது. மிசௌரியின் நான்கு ட்ரவுட் பூங்காக்களில் மற்ற மூன்றும் அரசுடையவை. விற்றுக் காசாக்கியிருக்கக்கூடிய நிலத்தை ஊருக்கு விட்டுவைத்தார்களே, அதுவே பெரிது.

அதனால்தான் ‘செயற்கை’ என்று அந்த வாசகர் ஒரே சொல்லில் ஒதுக்கியதை ஏற்க முடியவில்லை. மனிதன் கைவைத்த இடம்தான். காட்டையே வெட்டிக் கரியாக்கியிருக்கிறார்கள். அதை மறைக்காமல் உலையையும் ஊற்றையும் அருகருகே காட்டுகிற இடம் எத்தனை இருக்கிறது? எனக்குக் குறை வேறு. வருகிறவர்களில் பலர் மீன்பெட்டி நிறைந்ததும் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். உலை இருக்கும் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்திலும் கூட்டமில்லை. பயணக் கட்டுரைகளும், உங்கள் இதழில் வருபவை உட்பட, மீன் படத்தோடு நின்றுவிடுகின்றன.

அடுத்த முறை எழுதும்போது உலைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கூடவே புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மீன்பிடி உரிமம் கையில் இருந்தாலும் அன்றன்றைக்கு ட்ரவுட் அட்டை தனியாக வாங்க வேண்டும். அடியில் கம்பளம் ஒட்டிய பூட்ஸோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. வேறு ஆற்றுப் பாசி அதில் ஒட்டிக்கொண்டு வந்து பரவிவிடும் என்று 2012 முதல் தடை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செயின்ட் லூயிஸ்