கவரும் கலைக்குக் கல்லூரி அரங்கு எதற்கு? நீலகிரிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளின் மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், மாணவர் நலப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் கலையரங்கில் அண்மையில் நடந்த ‘ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்கு’ குறித்தும், அதைப் போன்றவற்றுக்கு இனி நீங்கள் அனுமதி தரும்போது யோசிக்க வேண்டியவை குறித்தும் இம்மடலை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையும் பயிற்சி நடத்திய நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கல்லூரியைச் சுட்டினால் மற்றக் கல்லூரிகள் ‘அது அவர்கள் பிரச்சினை’ என்று மடலை மடித்து வைத்துவிடும் என்பதே காரணம். பெயர்தான் ஆளுமை மேம்பாடு. அதில் கலந்துகொண்ட என் தங்கை மகன் கொண்டுவந்து காட்டிய கையேட்டில் நேர்முகத் தேர்வுக்குச் சில பக்கங்கள் போக, மீதியெல்லாம் எதிர்பாலினரை ஈர்ப்பது எப்படி என்பதற்கே ஒதுக்கப்பட்டிருந்தன. பேசும் பெண்ணின் உடலசைவை அப்படியே திருப்பிச் செய்வது, முதல் மூன்று நிமிடங்களுக்குள் அவள் பெயரை மூன்று முறை உச்சரிப்பது, பாராட்டிய கையோடு இலேசாக மட்டம் தட்டுவது, வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகும் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது என்று உத்திகள் படிப்படியாக விளக்கப்பட்டிருந்தன. பெண்களுக்கென்று ஒதுக்கிய இரண்டே பக்கங்களில், ஆண் சொல்லும் நகைச்சுவை புரியாவிட்டாலும் சிரித்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது.

நான் தமிழில் முதுகலை படித்துவிட்டு, ஊட்டியிலும் குன்னூரிலும் தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசையில் பணியாற்றி, பிற்காலத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆகவே அந்தக் கையேட்டில் பாதி எனக்கு மனப்பாடம். விருந்தினர் பதிவேட்டில் எழுதும்போதே பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும், அவர் நிமிர்ந்தவுடன் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் இரு புருவங்களுக்கும் நடுவே பார்க்கலாம், சாவியை மேசைமேல் தள்ளாமல் இரு கைகளாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும், பயணம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும், ஆனால் பதில் நீண்டால் பின்னால் நிற்பவரை மறந்துவிடக் கூடாது என்றெல்லாம் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உதட்டை இழுத்துச் சிரிக்க வைக்கும் தசை நம் ஆணைக்குக் கட்டுப்படும் என்றும், கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு எளிதில் கட்டுப்படாது என்றும் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் எழுதினார். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் எங்கள் வரவேற்பு மேசையைப் பார்த்திருந்தால் அவருக்கு வேறு சான்று தேவைப்பட்டிருக்காது.

இந்த வேலையை நான் இழிவாகக் கருதவில்லை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-இல் இதற்கு உணர்வு உழைப்பு என்றே பெயர் கொடுத்தார். உழைப்பு என்றால் கூலி உண்டு, நேரம் உண்டு, ஓய்வும் உண்டு. அறை வாடகையில் அந்தச் சிரிப்பும் அடக்கம் என்பது விருந்தினருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்திருப்பதால் அதில் ஏமாற்று இல்லை. அதே சிரிப்பை, அது பயிற்சி செய்யப்பட்டது என்று அறியாத ஒரு பெண்ணிடம், அவள் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கக்கூடிய ஓர் உறவின் வாசலில் வைத்துக் காட்டச் சொல்லிக் கொடுப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இந்த உத்திகள் பலிக்காது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஓரளவு பலிக்கும். எதிரில் இருப்பவரின் இருக்கைப் பாங்கையும் கையசைவையும் மெல்லப் பின்பற்றியவரை மற்றவர் சற்றுக் கூடுதலாக விரும்பினார் என்று சார்ட்ரண்ட், பார்க் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். கையேடு மிகுந்த பெருமையோடு எடுத்துக்காட்டும் இன்னொரு செய்தி, டட்டன், ஆரன் ஆகிய இருவரும் 1974-இல் கனடாவின் வான்கூவர் அருகே, சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் கப்பிலானோ தொங்கு பாலத்தில் நடத்திய ஆய்வு. பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். தாழ்வான, உறுதியான வேறொரு பாலத்தில் அதே எண்ணைப் பெற்றவர்களைவிட, ஆடும் பாலத்தில் பெற்றவர்களே பின்னர் அதிகமாக அவரை அழைத்தார்கள். அச்சத்தால் எழுந்த நெஞ்சுத் துடிப்பை அந்தப் பெண்மீதான ஈர்ப்பு என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இதிலிருந்து நம் பயிற்சியாளர் கண்டெடுத்த பாடம், பெண்ணை டால்பின் மூக்குக் காட்சிமுனையின் கம்பித் தடுப்பு வரை அழைத்துச் சென்று, படபடப்பு அடங்குவதற்குள் மனதைச் சொல்லிவிட வேண்டும் என்பது. அந்த ஆய்வில் குழம்பியது ஆண்களின் நெஞ்சுத் துடிப்பு என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆபத்தின் நடுவே மனங்கள் நெருங்குவது குறிஞ்சி நிலத்துக்குப் புதிய செய்தியும் அல்ல. தினைப்புனத்தில் யானை பாய்ந்து வரும்போது தலைவன் காப்பாற்றிய நிகழ்வைக் களிறு தரு புணர்ச்சி என்றும், ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டதைப் புனல் தரு புணர்ச்சி என்றும் நம் அகப்பொருள் மரபு தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. செவிலியிடம் சொல்லும்போது தோழி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தத் தலைவனும் யானையை வாடகைக்குப் பிடித்து வரவில்லை. அதோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. அந்த நெருக்கம் நிற்கிறதா என்று பார்ப்பதற்காகத் தோழி அவனை அலைக்கழிக்கிறாள், மணந்துகொள் என்று நெருக்குகிறாள், அவன் இரவில் வரும் வழியின் அச்சங்களை எடுத்துச் சொல்கிறாள். தொடக்கத்தில் எழுந்த படபடப்பை எவ்வளவு நம்பலாம் என்பதில் அந்த மரபுக்கு இருந்த எச்சரிக்கை, நம் கலையரங்கில் ஒலிபெருக்கி பிடித்தவருக்கு இல்லை.

யாரிடமும் பலிக்கும் ஓர் உத்தி, இன்னார் என்று பாராமல்தான் பலிக்கிறது. இது வெறும் என் அபிப்பிராயம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். அறிமுகமற்ற ஆண்களும் பெண்களும் சில நிமிடங்கள் மாறி மாறிச் சந்தித்துப் பேசும் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர்களிடம், சந்திப்புக்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட பண்புகளையும் விருப்பங்களையும் கேட்டுப் பதிவு செய்து, அவற்றைக் கணினிக்குக் கொடுத்து யார் யாரை விரும்புவார்கள் என்று கணிக்க முயன்றார்கள் சமந்தா ஜோயலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பொதுவாகப் பலரால் விரும்பப்படுபவர் யார், பலரையும் விரும்பும் இயல்புடையவர் யார் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஒருவருக்கு இந்தக் குறிப்பிட்ட ஒருவர்மேல் தனியாக ஏற்படும் ஈர்ப்பைக் கணிக்கவே முடியவில்லை. கையேடு விற்பது முதல் வகையை. நம் பிள்ளைகள் ஏங்குவது இரண்டாவதற்கு.

அந்த இரண்டாவதை நான் பணிபுரிந்த விடுதி ஒன்றில் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். சமையலறையில் உதவியாளராக இருந்த கூடலூர்ப் பையன் ஒருவனை வரவேற்புப் பணிக்கு மாற்றலாமா என்று முயன்று, வணக்கம் சொல்வதற்குள் அவன் காதெல்லாம் சிவந்துவிடுவதைக் கண்டு கைவிட்டோம். சலவை அறையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். உறைபனி கொட்டும் மார்கழியில் ஈர விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து அவள் விரல் கணுக்களில் வெடிப்பு விழுந்திருந்தது. அவள் காபி தம்ளரைக் கைப்பிடி இல்லாத பக்கமாகவே, இரு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடிப்பதை அவன் கவனித்திருக்கிறான். ‘கை வலிக்குதா’ என்று கேட்டவன், அவள் சொன்ன பதிலிலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறான்: காலையா மாலையா, சோடா உப்பாலா குளிராலா, வீட்டில் என்ன தடவுகிறார்கள். மறுநாள் முதல் அவள் வருவதற்குள் சலவை அறை வாசலில் ஒரு வாளி வெந்நீர் இருக்கும். அவளிடம் அவன் ஒருமுறைகூடச் சரளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை வேறெந்தப் பெண்ணிடமும் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அவை அவள் விரல்களிலிருந்து வந்தவை. இருவரும் பின்னர் மணந்துகொண்டார்கள்.

கேரன் ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் எண்களில் சொல்கிறது: எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர் கேள்வி கேட்பவர்களே அதிகம் விரும்பப்படுகிறார்கள், இரண்டாவது சந்திப்புக்கும் அவர்களுக்கே கூடுதலாகச் சம்மதம் கிடைக்கிறது. தொடர் கேள்வியை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய முடியாது, காது கொடுத்தால்தான் அது பிறக்கும். மணவாழ்விலும் இது ஓய்வதில்லை. புதுமணத் தம்பதிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஜான் காட்மன் தரும் கணக்கின்படி, ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் சேர்ந்திருந்தவர்கள், துணைவர் சிறிய அளவில் கவனத்தை நாடிய தருணங்களில் 86 விழுக்காட்டில் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 விழுக்காட்டில் மட்டுமே.

முன்பின் அறியாத இருவரை 36 கேள்விகள் மூலம் 45 நிமிடங்களில் நெருங்க வைக்கலாம் என்று ஆர்தர் ஆரன் குழுவினர் 1997-இல் காட்டினார்களே, அது மட்டும் உத்தி இல்லையா என்று உங்களில் உளவியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். அங்கே இருவருக்கும் அதே கேள்விகள், இருவரும் விடை சொல்ல வேண்டும், நடப்பது என்ன என்பதும் இருவருக்கும் தெரியும். ஒருவர் சட்டைப் பையில் மட்டும் சீட்டு இருக்கும் விளையாட்டு அல்ல அது. அப்படி ஏற்படும் நெருக்கத்தால் விசுவாசமோ கடப்பாடோ உண்டாகிவிடும் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்தைச் சொல்கிறது. பிறப்பு, குடிமை, செல்வம் ஆகியவை அந்தக் காலத்து அளவுகோல்கள். அவற்றை இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து வரும் நூற்பா இருவரிடமும் இருக்கக் கூடாதவற்றைச் சொல்கிறது. பொறாமை, கொடுமை, வன்சொல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு தன்னைத் தானே வியந்துகொள்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கையேட்டின் முதல் பாடமோ, கண்ணாடி முன் நின்று ‘நான் தவிர்க்க முடியாதவன்’ என்று நாள்தோறும் சொல்லிப் பழக வேண்டும் என்கிறது.

இன்னொரு பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ‘வேண்டாம் என்பது முதல் பதில்தான், கடைசிப் பதில் அல்ல’ என்று அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை தண்டனையே மூன்று ஆண்டுகள் வரை சிறையாகலாம். அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் அரங்கின் சாவியைக் கொடுத்தது யார் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

இனி, உங்களுக்குக் கசக்கக்கூடிய பகுதிக்கு வருகிறேன். பிள்ளைகள் இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டிப் போவது ஏன்? வராந்தாவில் ஆணும் பெண்ணும் நின்று பேசினால் பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் கல்லூரிகள் நம் மாவட்டத்தில் உண்டு. உணவகத்தில் தனித்தனி வரிசை, நூலகத்தில் தனித்தனி மேசை. மாலை மணி அடித்தவுடன் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் செல்லும் ஒன்றிரண்டு பேருந்துகளைப் பிடிக்க ஓட வேண்டும். பூங்காக்களில் சீசன் நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கே இடம் போதவில்லை, மற்ற நாட்களில் அங்கே இருவர் உட்கார்ந்திருந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். எதிர்பாலினரோடு ஒரு வேலையைச் சேர்ந்து செய்து, சண்டையிட்டு, அலுத்து, மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஒருவன் இருபது வயதில் கைபேசியில் ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வான்? பேச்சைத் தடை செய்துவிட்டு, பேசுவதுபோல் நடிப்பதற்கு அரங்கைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே, ஆளுமை மேம்பாடு என்ற பெயரில் யார் வந்தாலும் முழுக் கையேட்டையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஆசிரியை ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அனுமதி தாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் குழுக்களை ஆண் பெண் கலந்தே அமையுங்கள். சோலைக்குள் பிளாஸ்டிக் பொறுக்கும்போது யார் எப்படிப்பட்டவர் என்பது ஒரு பகலில் தெரிந்துவிடும். போக்குவரத்துக் கழகக் கிளையிடம் பேசி, மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஒரு பேருந்தைக் கேட்டுப் பெறுங்கள். அந்த ஒரு மணி நேரம் நூலகமும் உணவகமும் திறந்திருக்கட்டும், மேசைகள் பொதுவாகட்டும். கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, விளக்கெரியும் கூடத்தில் ஓர் ஆசிரியர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

இவற்றுக்குப் பிறகும், பெயரை நினைவில் வைப்பதற்கும் நேராக நிமிர்ந்து பேசுவதற்கும் பயிற்சி தேவை என்று தோன்றினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து கட்டணமின்றி நடத்தித் தருகிறேன். அறிவிப்புப் பலகையில் மட்டும் ‘விடுதிப் பணிப் பயிற்சி’ என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதி வரவேற்பாளர்,
குன்னூர்.